பதினேழாவது ஸ்லைடு

அந்தப் பரிசோதனைக்கூடத்தில் ஆண்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். யாருடைய விந்து என்று தெரிந்துவிட்டால் பார்க்கிற கண் பொய் சொல்லும் என்பார் டாக்டர் ரெஜினா. அவரிடம் வேலை கற்க வந்த வெள்ளியங்கிரிக்கு நாற்பத்தெட்டு வயது. குருவைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

ஒரு மத்தியானம், நுண்ணோக்கி இருக்கும் இருட்டறையில் அவர் நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

சூடு பட்டால் உயிரணு சிதையாமல் காக்கிற புரதம் ஒன்று உண்டு. அது இருக்கிற இடத்தில் சாயம் பச்சையாக ஒளிரும். பதினாறு ஸ்லைடுகளிலும் பச்சைப் புள்ளிகள் மினுங்கின. பதினேழாவதில் அங்கொன்று இங்கொன்று தவிர ஒரே இருட்டு. உற்றுப் பார்த்தால் இருட்டுக்குள் விந்தணுக்களின் தலைகள். அத்தனையும் தன்னையே பார்ப்பதுபோல் இருந்தது.

ரெஜினா பின்னால் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை.

"எத்தனை எரியுதுண்ணா?"

"இருநூத்துக்கு ஒம்பதுங்க மேடம்."

"ம்."

"வயசானா இந்தக் காவல் போயிருமுங்களா?"

"கொறையும்."

"அப்ப இந்த ஆளு அப்பனாக மாட்டானுங்களா? வேறொருத்தர் விந்துக்குச் சம்மதம்னு நாளைக்குக் கையெழுத்துப் போடோணும் அவன்."

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? எண்ணுக்குரியவன் நாளைக்குச் செய்யப்போவது இவருக்கு எப்படித் தெரியும்?

"இன்னைக்கு வந்தது பதினாறு பேருதாண்ணா" என்றார் ரெஜினா.

வெள்ளியங்கிரி தலை நிமிரவில்லை. பாவம், கண்ணாடிக்கு அடியில் தன்னையே வைத்துப் பார்த்த மனுஷன், வேறென்ன செய்வார்?

"வீட்டுக்காரி பதினொரு வருசமாக் காத்திருக்கறாளுங்க" என்றார்.

ரெஜினா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"இதுக உருவாகி வெளிய வர எழுபது நாளுக்கு மேல ஆகும். நீங்க இங்க சேர்ந்து?"

"நாப்பத்திரண்டு நாளுங்க."

"அதுக்கு முன்னால?"

"பவுண்டரியிலதானுங்க. உலைச் சூட்டுக்கு முன்னால. இருபத்தாறு வருசம்."

ரெஜினா நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தார். அறையில் அவருடைய முகம்கூடத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"நீங்கதாண்ணா வெளிய வந்தீங்க. இதுக இன்னும் உலைக்கிட்டயே நிக்குதுக. இதுகளைக் கேட்டா நாளைக்குக் கையெழுத்துப் போடப்போறீங்க?"