புகை வராத கூரை

ஒரு ஊர்ல ஒரு அடுப்பு இருந்துச்சு. புது மண் அடுப்பு. சாணி போட்டு மெழுகி, கோலம் இழுத்து, கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருந்துச்சு. ஆனா உள்ள நெருப்பு மட்டும் இல்ல. ஏன் இல்லன்னு கேளு. கேக்க மாட்டியா? சரி, "ம்"னாவது சொல்லு. நீ "ம்" சொன்னாத்தான் அடுத்த வரி. சும்மா அள்ளிக் குடுக்க நான் என்ன ஏமாளியா?

"ம்."

அப்படி வா வழிக்கு.

அந்த அடுப்புக்குச் சொந்தக்காரி பேரு அழகுநாச்சி. டவுன் பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருபது வருஷம் கூடை வச்சுக் கத்திரிக்கா வித்தவ. வாயைத் தொறந்தா பேரம், மூடுனா கோவம். அவ புருஷன் மாசானம் மூட்டை தூக்குறவன். அவன் வாயே தொறக்க மாட்டான். ரெண்டு பேரும் ஒத்த அறையில வாடகைக்குக் கெடந்தாங்க. வீட்டுக்காரன் என்ன சொல்லுவான் தெரியுமா? சுவத்துல ஆணி அடிக்காதே, ஈரச்சேலையை வாசல்ல காயப்போடாதே, சத்தமா அம்மி அரைக்காதே. மூச்சு விடாதேன்னு மட்டும்தான் சொல்லல.

அப்புறம் அந்த அறையக் காலி பண்ணிட்டு, ஒரு கிராமத்துல சின்னதா ஓட்டு வீடு வாங்கி, காலை பஸ்ஸுல வந்து இறங்குனாங்க. இறங்குன உடனே மாசானம் என்ன பண்ணினான்? சுவத்துல ஒரு ஆணிய வச்சு, டொக்! டொக்! டொக்!

அழகுநாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. கொல்லையில இருந்து ஓடி வந்தா. "அடப்பாவி மனுஷா! என்ன காரியம் பண்ணுறீரு? வீட்டுக்காரன் வந்துருவான்!"

மாசானம் மெதுவா திரும்பி, "நான்தான் வந்திருக்கேன்"னான்.

அவ அப்படியே நின்னுட்டா. அப்புறம் சுத்தியலைப் பிடுங்கி, டொக் டொக்னு இன்னும் நாலு ஆணி அடிச்சா. மாட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, சும்மாதான் அடிச்சா. அடிச்சுட்டுக் கிணத்துல வாளிய விட்டா. சளக்! தண்ணி மேல வந்துச்சு. குடிச்சுப் பார்த்தா இளநி மாதிரி இருந்துச்சு. ஈரச்சேலையப் புழிஞ்சு நடுவாசல்ல, ஊரே பார்க்கக் கட்டிவிட்டா. தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

அப்போ பால் காய்ச்சணும். புது வீட்டுல பால் பொங்காம பாய் விரிக்கக் கூடாதுல்ல? டவுன்ல இருந்தே தூக்குவாளியில பால் கொண்டு வந்திருந்தா. மூடியத் தொறந்தா... அய்யய்யோ! பஸ்ஸு குலுக்குன குலுக்குல, அடிச்ச வெயில்ல, பால் திரிஞ்சு தயிரும் இல்லாம மோரும் இல்லாம கெடக்கு!

"பொழுது சாயறதுக்குள்ள பொங்கணுமே"ன்னு மாசானம் கையப் பிசைஞ்சான்.

"பால் என்ன தங்கமா? நான் போயி வாங்கிட்டு வரேன். பால் வந்தப்புறம்தான் அடுப்புல தீ. வெறும் அடுப்ப எரிக்கறது ஆகாது"ன்னு சொல்லிட்டு, செம்பத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு போனா.

முதல்ல பக்கத்து வீட்டுப் பூவாயி. கறவை மாடு கட்டியிருந்தா.

"யக்கா, குடி வந்திருக்கோம். பால் காய்ச்ச ஒரு படி பால் வேணும். என்ன விலை?"

பூவாயி மூஞ்சி வெளுத்துப்போச்சு. அழகுநாச்சிக்குப் பின்னால, அவ வீட்டுக் கூரையை ஒரு தடவை எட்டிப் பார்த்தா. "விலைக்கு இல்ல தாயி"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.

இவளுக்குத் திக்குனு ஆயிருச்சு. விலைக்கு இல்லியா? இருபது வருஷத்துல விலைக்கு இல்லாத பொருள இவ பார்த்ததே இல்ல. சரி, கிராக்கி பண்ணுறான்னு நினைச்சுக்கிட்டா.

அப்புறம் ரெண்டாவது, கொம்பையா. வெள்ளாடு வச்சிருக்கிற பெரியவரு. "அண்ணாச்சி, ஆட்டுப் பாலா இருந்தாலும் பரவாயில்ல. ரெண்டு பங்கு விலை தாரேன்"னா.

"ஆத்தாடி!"ன்னு அவரு வாயப் பொத்திக்கிட்டாரு. "பால் காய்ச்சுற பாலையா விலைக்குக் கேக்குற?" அவரும் தலையத் தூக்கி இவ கூரையத்தான் பார்த்தாரு. "இன்னும் அடுப்பு மூட்டலியாம்மா?"

இவளுக்குச் சுர்ருனு ஏறிப்போச்சு. "பால் இல்லாம அடுப்ப மூட்டி உம்ம தாடியையா பொசுக்கறது?"ன்னு கேட்டுட்டு வந்துட்டா. சிரிக்காதே. பெரியவங்களை அப்படிப் பேசக் கூடாது. அவ பேசிட்டா, அவ்வளவுதான். ம் சொல்லு.

"ம்."

மூணாவது, டீக்கடைத் தவசி. அவன் கடையில பால் கொதிச்சுக்கிட்டே இருக்கு, கொப் கொப் கொப்னு. இவ உள்ள நுழைஞ்ச உடனே, "பால் இல்ல"ன்னான்.

"அடேய், கண்ணு முன்னால கொதிக்குதே!"

"அது டீக்கு. புது வீட்டுப் பாலுக்குக் காசு வாங்கினா என் கை வெளங்குமா?"

அழகுநாச்சி கொஞ்சம் யோசிச்சா. பேரக்காரி இல்லியா? குரலை இறக்கி, "சரி தம்பி. ஒரு டீ போடு"ன்னா.

"போட்டுட்டாப் போச்சு."

"சக்கரை வேண்டாம்."

"சரிக்கா."

"டிக்காஷனும் வேண்டாம்."

தவசி டம்ளரைக் கீழ வச்சான். அப்புறம் படார்னு பால் சட்டிய மூடி, மூடி மேல கைய வச்சுக்கிட்டான். கடையில இருந்த நாலு பேரும் டீ குடிக்கறதை விட்டுட்டு வாயப் பொளந்துட்டாங்க. "என் இருபது வருஷக் கடையில இப்படி ஒரு பேரத்த நான் பார்த்ததில்ல"ன்னான். "அக்கா, உன் காலத் தொட்டுக் கேக்குறேன். போயி அடுப்ப மூட்டு."

அவ்வளவுதான். அழகுநாச்சிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கோவமா, அழுகையான்னு அவளுக்கே தெரியல. காலு தரையில பாவாம வீட்டுக்கு வந்தா. "இந்த ஊரு நம்மள வேண்டாங்குது"ன்னா. "கேட்ட எடத்துல எல்லாம் அடுப்ப மூட்டு, அடுப்ப மூட்டுன்னு கேலி பேசுதுங்க. அஞ்சு மணிக்கு பஸ்ஸு. பாயச் சுருட்டும்."

மாசானம் புது ஆணிகளப் பார்த்தான். டவுன்ல அறைய ஏற்கெனவே வேற ஆளுக்கு விட்டாச்சு. போனா பஸ் ஸ்டாண்டுலதான் படுக்கணும். அந்த மனுஷன் வாழ்க்கையிலயே முத தடவையா அவள எதுத்துப் பேசினான்.

"ஊரே சொல்லுதே நாச்சி. ஒருக்கா மூட்டித்தான் பாரேன்."

"மூட்டுறேன்! நல்லா மூட்டுறேன்! கஞ்சி காய்ச்சிக் குடிச்சுட்டு, இந்த ஊரு மேல ஏப்பம் விட்டுட்டுப் போறேன்!"

கொல்லையில ஈர ஓலை கெடந்துச்சு. அதை அள்ளி அடுப்புல திணிச்சு, தீய வச்சு, ஃபூ... ஃபூ...ன்னு ஊதினா. தீ வரல. புகைதான் வந்துச்சு. குபுகுபு குபுகுபுன்னு ஓட்டு இடுக்குல புகுந்து, கூரை மேல கருப்பா நிமிர்ந்து நின்னுச்சு.

அப்போ... என்ன கேட்டுச்சு தெரியுமா? தடதட தடதடன்னு காலு சத்தம்!

வாசல்ல எட்டிப் பார்த்தா, பூவாயி ஓடி வரா. கொம்பையா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு வராரு. தவசி கடையத் தொறந்தபடி போட்டுட்டு வரான். பின்னால தெருவே வருது. "அடிக்க வராங்க!"ன்னு அழகுநாச்சி கரண்டியத் தூக்கிக்கிட்டா.

முதல்ல வந்த பூவாயி கரண்டிய ஒதுக்கித் தள்ளி, இவ மேலயே பாய்ஞ்சா. "ஏம்மா, உனக்கு மூளை இருக்கா? காலையிலேர்ந்து செம்பத் தூக்கிக்கிட்டு, உன் கூரையப் பார்த்துப் பார்த்து என் கழுத்து பிடிச்சுப்போச்சு! புது வீட்டுல புகை எழும்பினா வீட்டுக்கு ஒரு செம்புப் பால் கொண்டாந்து ஊத்தணும். கேட்டு வாங்கவும் கூடாது, காசுக்குக் குடுக்கவும் கூடாது. இதைக் கூடவா ஒருத்தி வந்து சொல்லிக் குடுப்பா?"

"எ... எனக்குத் தெரியாதுக்கா"ன்னா அழகுநாச்சி. கரண்டி கையில இருந்து நழுவி, டங்குனு விழுந்துச்சு.

பூவாயி பானைய அடுப்புல ஏத்தி ஊத்தினா, மளமளன்னு. கொம்பையா ஊத்தினாரு. "தாடி பத்திரமா இருக்கு, பார்த்துக்க"ன்னாரு. தவசி டீ கிளாஸுல கொண்டாந்து ஊத்தி, "டிக்காஷன் இல்ல, சக்கரை இல்ல. சரியா இருக்காக்கா?"ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க. தெருவுல பாக்கிப் பேரும் ஊத்தினாங்க. பானை கழுத்து வரைக்கும் வந்துருச்சு.

அப்போ தீயும் பிடிச்சுக்கிச்சு. பால் மெல்லப் பாடுச்சு. விளிம்புல நுரை கட்டுச்சு. எந்தப் பக்கம் பொங்குதுன்னு எல்லாரும் குனிஞ்சு பார்த்தாங்க. கிழக்கயா? வடக்கயா? புஸ்ஸ்ஸ்ஸ்! நாலு பக்கமும் பொங்கி வழிஞ்சுருச்சு! குலவை போட்டாங்க பொம்பளைங்க. அந்தக் குலவைக்குள்ளயே தூரத்துல பஸ்ஸு பாம் பாம்னுச்சு.

"நாச்சி, பஸ்ஸு போகுது"ன்னான் மாசானம்.

"போகட்டுமே. எனக்கு இங்க வேலை கெடக்கு"ன்னு அவ முந்தானையில மூஞ்சியத் தொடச்சுக்கிட்டா.

ஆனா ஒண்ணு நடந்துபோச்சு. வழிஞ்ச பாலு அடுப்ப அணைச்சுருச்சா? முன்ன வந்ததை விட ரெண்டு மடங்கு புகை கெளம்புச்சு. மேலத்தெருக்காரங்க அதப் பார்த்துட்டாங்க. "அடடா, இன்னொரு குடி வந்திருக்கு போல!"ன்னு அவங்களும் செம்பத் தூக்கிக்கிட்டு ஓடி வராங்க. பானை நெறஞ்சு, அண்டா நெறஞ்சு, கிணத்து வாளி நெறஞ்சுருச்சு. அழகுநாச்சி வாசக்கால்ல ரெண்டு கையையும் விரிச்சு, குறுக்க நின்னு கத்துறா: "போதும்! அய்யா சாமி, போதும்! இதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாம்!"

என்னது, சத்தத்தைக் காணோம்? "ம்" எங்க?

சரி, விடு. நீ சொல்ல வேண்டியதும் சொல்லியாச்சு, நான் சொல்ல வேண்டியதும் சொல்லியாச்சு. ஊரெல்லாம் பால் குடிச்சுப் படுத்தாச்சு, கதையும் படுத்துக்கிச்சு. நீ தூங்கு.