பிசின் பூசிய குரங்கரசன்

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே. மனிதர் காலடி படாத ஒரு மலைக்காட்டில், வெகு காலத்துக்கு முன்னே, சிந்தூரன் என்றொரு குரங்கரசன் இருந்தான்.

இளமையில் அவன் முகம் செக்கச் செவேலென்று இருக்கும். அந்த முகத்துக்காகவே தன்னை அரசனாக்கினார்கள் என்று அவன் நம்பினான். கூட்டம் அவனைத் தேர்ந்தெடுத்ததோ அவன் தொண்டைக்காக. சிறுத்தை வந்தால் அவன் கத்துவான். எல்லோரும் மரமேறித் தப்புவார்கள்.

வயது ஏறியது. கன்னம் தொங்கியது, கண்ணடியில் சுருக்கம் விழுந்தது, சிவப்பு வெளுத்துத் திட்டுத் திட்டானது. சுனையில் தன் முகத்தைக் கண்டவன் தண்ணீர் கெட்டுவிட்டது என்றான்.

அவன் மனைவி பூவந்திக்கும் அதே சுருக்கம்தான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. அவளைப் பார்த்தால் தன் வயது வெளியே தெரிந்துவிடும் என்று, தொலைவிலிருந்த பாறைக்கு அவளை விரட்டினான் அந்த வீரன்.

பிறகு முகத்தைச் செப்பனிட இறங்கினான். முதலில் கோவைப்பழச் சாறு பூசினான், ஈ மொய்த்தது. அடுத்துச் செம்மண்ணைக் குழைத்து அப்பினான். வாயைத் திறந்ததும் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது. கடைசியில் வேங்கைமரத்தில் வடிந்த சிவப்புப் பிசினை நெற்றி முதல் தாடை வரை அப்பிக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தான். காயக் காயப் பிசின் தோலை இறுக்கியது. சுருக்கம் ஒன்றையும் காணோம். சிரிக்கத்தான் முடியவில்லை. அரசனுக்குச் சிரிப்பு எதற்கு என்று எண்ணிக்கொண்டான்.

கூட்டம் புகழ்ந்தது. புகழாதவர்க்கு அரசன் பங்கிடும் அத்திப்பழம் கிடைக்காதே. குழைவன் என்ற குரங்கு இன்னும் ஒரு படி மேலே போய், அரசர் நேற்றுப் பிறந்தவர் போலிருக்கிறார் என்றான். நேற்றுப் பிறந்த குரங்குக்கு முகமெல்லாம் சுருக்கம் என்பது அங்கே ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஒரு நண்பகல், கூட்டம் சுனையில் நீர் குடித்துக்கொண்டிருந்தது. மேலே காவல் கிளையில் சிந்தூரன். கோரைப்புல் அசைந்தது, சிறுத்தை.

கத்தப் பார்த்தான். தாடை பிரியவில்லை. மூக்கு வழியே ஒரு முனகல்தான் வந்தது. அரசர் பாடுகிறார் என்று நினைத்துக் குழைவன் தலையாட்டி ரசித்தான். சிந்தூரன் கிளையைக் குலுக்கினான், அதையும் ஆட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

அப்போது தொலைவுப் பாறையிலிருந்து பூவந்தியின் கூக்குரல் காட்டைப் பிளந்தது. எல்லோரும் மரத்துக்குத் தாவினார்கள். ரசித்துக்கொண்டிருந்த குழைவனுக்கு மட்டும் பாதி வால் போயிற்று.

சிந்தூரன் பிசினைப் பிய்த்தான். மயிரும் தோலும் அதோடு வந்தன. வாய் திறந்ததும், கிழட்டுத் தோலை மறைத்தது குற்றமா என்று முனகினான்.

பாறையிலிருந்து இறங்கி வந்த பூவந்தி சொன்னாள்: "எனக்கும் அதே தோல்தான். ஆனால் கத்துவதற்கு என் வாய் திறந்திருந்தது."

அன்று முதல் கூட்டம் அவள் பின்னால் போனது. அவன் முகத்தை ஏளனமாகப் பார்க்கக்கூட யாரும் திரும்பவில்லை. உரிந்த தோலைவிட அதுதான் அவனுக்கு எரிந்தது.

ஆகவே அறியுங்கள்: முதுமையை மறைப்பதையே வேலையாகக் கொண்டவன், தன் கடமைக்கும் உதவாமல், மதிப்பையும் இழப்பான்.