சூசௌ பாலத்தின் நடுக்கல்

மேலவாய்க்காலுக்கு நடைபாலம் கட்டும் வேலையை எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்றுதான் பேச்சிமுத்து கொத்தனார் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கு வந்திருந்தார். போன மழையில் அவர் கட்டிய சுவர் ஒன்று சாய்ந்ததிலிருந்து ஊரில் ஒருத்தரும் அவரைக் கூப்பிடுவதில்லை. அவரோடு சேர்ந்து வேலை இல்லாமல் போன சித்தாள் மாடத்தியும் கூட வந்திருந்தாள்.

"பாலமெல்லாம் கட்டுவீரா வே?" என்று கேட்டார் தலைவர் வானமாமலை.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேட்டுட்டிய? சீனாவுல சூசௌன்னு பழைய பட்டணம். தெருவுக்குப் பதிலா வாய்க்கா. அங்க கல்பாலத்தையே காப்பாத்துனவன் நான்."

"நீரு சிங்கப்பூருக்குல்லா போனீரு?" என்றாள் மாடத்தி.

"அங்க என் மேஸ்திரி சீனாக்காரரு. மக கல்யாணத்துக்கு ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. நீ சும்மா இரு. அண்ணாச்சி, அந்தப் பாலத்துல சிமெண்டு கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. கல்லைக் கல்லே தாங்கி வளைஞ்சு நிக்கும். மேல பாதி வட்டம் கல்லு, தண்ணியில பாதி வட்டம் நிழலு. மீனெல்லாம் முழு வட்டம்னு நெனச்சு கீழ்ப் பாதியில நீந்தி வந்து, மேல் பாதியையும் சுத்திட்டுத்தான் இறங்கும்."

"காத்துலயா?" என்றாள் மாடத்தி.

"அதுக்குப் பழகிருச்சு."

தலைவர் சிரிக்கவில்லை. பயம் வந்தால் பேச்சிமுத்துவுக்குப் புளுகு இன்னும் சரளமாக வரும்.

"அங்க பொண்ணு பாலம் ஏறி இறங்கினாத்தான் கல்யாணம். அன்னைக்குன்னு பார்த்து உச்சியில நடுக்கல்லு தண்ணிக்குள்ள விழுந்திருச்சு. அது இல்லைன்னா மொத்த வளைவும் சரிஞ்சிரும். மேஸ்திரி அழுதுட்டாரு. நான் யோசிக்கவே இல்லை, அந்தச் சந்துல புகுந்து முதுகைக் கொடுத்துட்டேன். பல்லக்கு போச்சு, மேளம் போச்சு, சீர் சுமந்துக்கிட்டு எருமை போச்சு..."

"எருமையுமா?" என்றார் தலைவர்.

"வரிசையா போச்சு. புதுக்கல்லு செதுக்க ஒரு வருஷம் ஆச்சு. அந்தப் பொண்ணு பிரசவத்துக்குத் தாய்வீடு வந்ததும் என் முதுகு மேலதான். கடைசியில கல்லை வச்சா ஊர்ச்சனம் ஒத்துக்கிடல. கல்லு ஆடுது, உம்ம முதுகே தேவலைன்னு அழுதாவ."

தலைவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "வேலை உமக்குத்தான் வே."

பேச்சிமுத்து சந்தோஷத்தில் துள்ளி எழுந்தார். "கல்லு எத்தனை லோடு இறக்கட்டும் அண்ணாச்சி?"

"கல்லு என்னத்துக்கு? நம்ம வாய்க்கா உம்ம நீளம்தான் இருக்கும். காலையில பள்ளிக்கூடத்துப் பிள்ளைக வரதுக்கு முன்ன வந்து குறுக்க படுத்துக்கிடும்."