மந்தாரை இலையோடு வந்த செய்தி

மருதமரப் பொந்தில் செவந்தி என்ற அணில் ஒரு சின்னப் பண்டசாலை நடத்திவந்தாள். இலந்தை பழுக்கும் காலத்தில் காட்டு விலங்குகள் பழங்களைக் கொண்டுவந்து அவளிடம் ஒப்படைக்கும். செவந்தி அவற்றைக் காயவைத்து, பூச்சி அண்டாமல் பொந்துகளில் அடுக்கிவைப்பாள். கோடையில் காடு காய்ந்து கிடக்கும்போது அவரவர் பங்கைத் திருப்பிக் கொடுப்பாள். அதில் கொஞ்சம் அவளுக்குக் கூலி.

தூரத்தில் இருப்பவர்கள் பறவைகளிடம் சொல்லி அனுப்புவார்கள். அடையாளத்துக்குத் தாங்கள் குடியிருக்கும் மரத்தின் இலை ஒன்றையும் கொடுத்தனுப்புவார்கள். சருகுமான் அல்லி குடியிருந்தது மந்தாரை மரத்தடியில். அந்தக் காட்டிலேயே மந்தாரை அது ஒன்றுதான். ஆகவே மந்தாரை இலை வந்தால் அது அல்லியின் சொல்தான் என்று செவந்தி மறுபேச்சில்லாமல் நம்புவாள். மரத்தடியில் யார் வேண்டுமானாலும் இலை பொறுக்கலாம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு கோடையில் தவிட்டுக்குருவிகளின் தொல்லை ஆரம்பமானது. விடிந்தால் போதும், கும்பலாக வாசலில் வந்து கத்தும். வால்முடி அடர்த்தியாக வளர எண்ணெய் இருக்கிறது என்று ஒன்று சொல்லும். மலைக்கு அப்பால் செத்துப்போன யானை ஒன்று தன் பலாத்தோப்பைச் செவந்திக்கே விட்டுப்போயிருக்கிறது, வழிச்செலவுக்கு ஒரு பிடி இலந்தை கொடுத்தால் போதும் என்று இன்னொன்று சொல்லும். யானைக்கும் அணிலுக்கும் என்ன உறவு என்று கேட்டால் இன்னும் உரக்கக் கத்தும்.

வருபவர்களை விசாரித்து உள்ளே விட ஓர் ஆளை வாசலில் போடும்படி உறவினர்கள் சொன்னார்கள். செவந்தி கேட்கவில்லை. இத்தனூண்டு கடைக்குக் காவல் ஒரு கேடா, நானே பார்த்துக்கொள்கிறேன் என்றுவிட்டாள். ஆனால் நாளெல்லாம் கேட்ட இரைச்சலில் அவளுக்குக் காது மரத்துப்போயிருந்தது. யார் பேசினாலும் பாதியிலேயே விரட்டினாள்.

அப்படித்தான் ஒரு காலையில் தேன்சிட்டு ஒன்று வந்து, அல்லி சொல்லி அனுப்பினாள் என்று மெல்ல ஆரம்பித்தது. "எண்ணெயும் வேண்டாம், தோப்பும் வேண்டாம். போ!" என்று செவந்தி வாலை உதறினாள். சின்னப் பறவை பயந்து பறந்துவிட்டது.

சில நாள் கழித்து ஒரு மைனா வந்தது. அதன் அலகில் மந்தாரை இலை இருந்தது.

"அல்லியோட குட்டிக்கு உடம்புக்கு முடியல. அவ பங்கு மொத்தத்தையும் காய்ஞ்ச ஓடையில, பாறைக்குக் கீழ வச்சிடச் சொன்னா. தாமதிச்சா குட்டி பிழைக்காது. யாரையும் கேட்டுக்கிட்டு நிக்காதீங்க."

செவந்திக்கு மனசு பதறிவிட்டது. உறவுக்கூட்டத்தையெல்லாம் கூப்பிட்டாள். எல்லோரும் வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுபோய்ப் பாறையடியில் குவித்தார்கள். ஒரு குட்டியைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு அவள் அன்று படுத்தாள். மைனாவை அனுப்பிவிட்டுப் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்த நரி அத்தனையையும் தின்று தீர்த்தது.

கோடை முற்றியபோது அல்லி தானே வந்தாள். பின்னால் அவள் குட்டி தள்ளாடித் தள்ளாடி வந்தது. அதற்கு நோய் எதுவும் இல்லை. வெறும் பசி.

"எங்க பங்கைக் கொடுங்க அக்கா" என்றாள் அல்லி.

 செவந்தி நடந்ததைச் சொல்லி முடித்தாள். அல்லி குட்டியைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரு நரி என் மரத்தடியில இலை பொறுக்கிச்சு. இலையை நம்பாதீங்கன்னு தேன்சிட்டுகிட்ட சொல்லி அனுப்பினேனே."

செவந்தி தன் கூலிப் பங்கு முழுவதையும் அள்ளி அவர்கள் முன் வைத்தாள். அது இரண்டு வேளைக்குக்கூடப் போதவில்லை. மீதி இருந்ததெல்லாம் மற்றவர்கள் தங்கள் குட்டிகளுக்காகச் சேர்த்தது. அதை எடுத்துக் கொடுக்க அவளுக்கு மனம் துடித்தது, உரிமை இல்லை. அல்லி குட்டியை அழைத்துக்கொண்டு தொலைவில் இருந்த ஏரிக்கரைக்குப் புறப்பட்டாள்.

மழை பெய்த பிறகு அவள் தனியாகத் திரும்பினாள். குட்டி பாதி வழியில் படுத்ததாம், பிறகு எழுந்திருக்கவே இல்லையாம். செவந்தி பொந்துக்குள் போய் அழுதாள்.

அதன்பின் மரங்கொத்தி ஒன்றை வாசலில் அமர்த்தினாள். தெரிந்த பறவைகள் நேரே உள்ளே வந்தன. தெரியாதவை கீழ்க்கிளையில் காத்திருந்தன. சாயங்காலம் அவற்றையும் செவந்தி பொறுமையாக ஒருமுறை கேட்டாள். ஒரு தேன்சிட்டும் அவற்றோடு சேர்ந்து விரட்டப்படக் கூடாது அல்லவா! பண்டத்தைக் கொடுப்பதென்றால் மட்டும் இலை போதாது என்றாக்கினாள். அவளே பார்த்து அமர்த்திய வேறொரு மைனா அவரவர் இருப்பிடத்துக்கே போய்க் கேட்டு வரும். இது என்ன வீண் தாமதம் என்று பலர் முணுமுணுத்தார்கள். செவந்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த கோடையில் மறுபடியும் மந்தாரை இலையோடு செய்தி வந்தது. உடனே அனுப்பச் சொல்லியிருந்தது. பசியில் தள்ளாடி வந்த குட்டி செவந்தியின் நினைவுக்கு வந்தது. ஆனாலும் தன் மைனாவை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். மைனா திரும்பியபோது அதன் பின்னாலேயே அல்லியும் வந்தாள். இம்முறை செய்தி உண்மைதான்.

"பசியோட இருந்தவளைக் காக்க வச்சிட்டேன், மன்னிச்சிடு" என்றாள் செவந்தி.

"காக்க வைங்க அக்கா" என்றாள் அல்லி. "அன்னைக்கும் இப்படிக் காக்க வச்சிருந்தா, என் குட்டி இப்ப என் பக்கத்துல நின்னிருக்கும்."

அவசரம் என்று வரும் செய்தியை, அது யார் பெயரில் வந்ததோ அவரிடமே கேட்டுத் தெளியாமல் நம்பினால், அந்தத் தவறுக்கு விலை கொடுப்பவர் நம்மை நம்பிய வேறொருவராக இருப்பார்.