தொடுகோடு போகும் இடம்

"வட்டத்தை ஒரு இடத்துல தொட்டுட்டுப் போற கோட்டால யாருக்கு என்ன ஆகப்போகுது, டீச்சர்?" என்று கேட்டாள் பேச்சித்தாய்.

நிஷா டீச்சர் கையை நீட்டினாள். வீட்டுப்பாடத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

பேச்சித்தாய்க்கு நாற்பது வயது. கணவன் ஐயம்பெருமாளோடு ஊர் ஊராகப் போய், கோயில் கொடைத் திருவிழாக்களில், சங்கிலிகளில் இருக்கைகள் தொங்கிச் சுற்றுகிற சங்கிலி ராட்டினம் போடுகிறவள். மகள் கல்லூரிக்குப் போன வருஷம் தானும் தபால் வழியில் பட்டப்படிப்புக்குச் சேர்ந்தாள். மற்ற பாடங்களில் தேறிவிட்டாள். கணக்கு மட்டும் வரவில்லை.

கொடைக்கு வந்த இந்த ஊரில் ஒரு கணக்கு டீச்சர் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தாள். டீச்சர் அவளைவிடப் பத்து வயதாவது இளையவள். அதிகம் பேசமாட்டாள், ஒன்று கேட்டால் வேறொன்றைச் செய்வாள் என்று ஊரில் சொல்லியிருந்தார்கள்.

தாளில் ஒரு வட்டம் இருந்தது. அதன்மேல் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் தொடுகோட்டைக் காண வேண்டும். பேச்சித்தாய் வகையிட்டுச் சாய்வைக் கண்டுபிடித்து, கோட்டையும் எழுதியிருந்தாள்.

"சரியாத்தானே போட்டிருக்கீங்க, அக்கா."

"போட்டுட்டேன். புரியல."

டீச்சர் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். என்ன தொழில் செய்கிறீர்கள் என்று கேட்டாள். பேச்சித்தாய் சொன்னாள்.

"சுத்திட்டு இருக்கும்போது ஒரு சங்கிலி அறுந்தா, அந்த ஆள் எந்தப் பக்கம் போய் விழுவாங்க?"

பேச்சித்தாய்க்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. அவர்கள் ராட்டினத்தில் இதுவரை எதுவும் அறுந்ததில்லை. ஆனாலும் இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நினைத்தாள். ஏறி உட்கார்ந்த எல்லோரையும் அது வெளியே இழுக்கத்தானே செய்கிறது. அறுந்த இடத்திலிருந்து நேரே வெளிப்பக்கம் விழுவார்கள் என்றாள்.

டீச்சர் எழுந்து செருப்பை மாட்டினாள்.

பிற்பகல் வெயிலில், குளத்தை ஒட்டிய கோயில் மைதானம் காலியாகக் கிடந்தது. ராட்டினம் நின்றுகொண்டிருந்தது. ஐயம்பெருமாள் மோட்டாருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சாக்கில் மணல் நிரப்பச் சொன்னாள் டீச்சர். அதை ஓர் இருக்கையின் வெளி ஓரத்தில் வைத்து, வேகம் கூடினால் அறுந்துவிடுகிற மாதிரி மெல்லிய சணல் கயிற்றால் கட்டச் சொன்னாள். மைதானத்தில் யாரும் இல்லையென்று சுற்றி வந்து பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் சொன்னபடி மூன்று பேரும் நடுக் கம்பத்தின் அடியில், மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

ஐயம்பெருமாள் சுவிட்சைப் போட்டார்.

இருக்கைகள் மெதுவாகக் கிளம்பின. பிறகு விரிந்தன. சாக்கு இருந்த இருக்கையும் மற்றவற்றோடு சாய்ந்து சுற்றியது. ஒரு சுற்று, இன்னொரு சுற்று.

குளத்துப் பக்கம் வரும்போது சணல் அறுந்தது.

சாக்கு குளத்துப் பக்கம் போகவில்லை. சுற்றிக்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் பறந்தது. டிக்கெட் மேஜைக்கு மேல் கட்டியிருந்த தார்ப்பாயைக் கிழித்து, மேஜையை இரண்டாக உடைத்து, அதற்குப் பின்னால் போய் விழுந்தது.

ஐயம்பெருமாள் சுவிட்சை அணைத்தார். ராட்டினம் மெதுவாக நின்றது.

தினமும் சாயங்காலம் பேச்சித்தாய் உட்காருகிற மேஜை அது. அதன் முன்னால்தான் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். அவர்களைக் குளத்துப் பக்கம் விடாமல், இதுதான் பத்திரமான இடம் என்று அவளே விரட்டி விரட்டி அங்கே நிறுத்துவாள்.

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து, கோலப்பொடி கொண்டுவந்தாள். இருக்கைகள் சுற்றுகிற வட்டத்தைத் தரையில் போட்டாள். சணல் அறுந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதைத் தொட்டுக்கொண்டு சுற்றும் திசையில் ஒரு கோடு இழுத்தாள். கோடு உடைந்த மேஜையில் போய் நின்றது.

"இந்த இடம் வேண்டாங்க. மேஜையை வேப்பமரத்துப் பக்கம் மாத்திருவோம்" என்றாள் கணவனிடம்.

"கயிறு இன்னும் கொஞ்சம் தள்ளி அறுந்திருந்தா?" என்று கேட்டாள் டீச்சர்.

பேச்சித்தாய் வட்டத்தில் வேறொரு புள்ளி வைத்தாள். கோடு இழுத்தாள். அது வேப்பமரத்துக்குப் போனது.

அவள் சோடாக் கடை இருக்கும் மூலையைப் பார்த்தாள். அதற்கும் ஒரு புள்ளி இருந்தது. கோயில் வாசலுக்கு ஒன்று இருந்தது. செருப்பு விடுகிற இடத்துக்கும் இருந்தது. குனிந்தபடியே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இழுத்துக்கொண்டே போனாள். மைதானம் முழுக்க வெள்ளைக் கோடுகள். ஐயம்பெருமாள் அவளை நிறுத்தப் பார்த்தார். அவள் கேட்கவில்லை.

கோலப்பொடி தீர்ந்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

"எங்க நின்னாலும் ஒரு கோடு வருது, டீச்சர்."

"வட்டத்துக்குள்ள ஒண்ணு போட்டுக் காட்டுங்க."

பேச்சித்தாய் பார்த்தாள். வட்டத்துக்குள் ஒரு கோடுகூட இல்லை. சற்று முன் டீச்சர் தங்களை ஏன் கம்பத்தடியில் நிறுத்தினாள் என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. 

"அப்போ வர்ற ஜனங்களை எங்கதான் நிக்கவைக்கிறது?"



பேச்சித்தாய் கோடுகளை மறுபடி பார்த்தாள். ஒவ்வொன்றையும் அது கிளம்பிய புள்ளிவரைக்கும் கண்ணால் தொடர்ந்துகொண்டு போனாள். புள்ளிக்குச் சற்று உள்ளே ஓர் இருக்கை தொங்கியது. இருக்கைக்கு மேலே சங்கிலி. சங்கிலிக்கு மேலே, உச்சியில், அதைத் தாங்குகிற, வருஷா வருஷம் சிவப்புப் பெயின்ட் அடிக்கிற வளையம்.

"இன்னிக்குச் சுத்த வேண்டாம்" என்றாள்.

ஐயம்பெருமாள் ஒத்துக்கொள்ளவில்லை. கொடையின் முக்கியமான நாளே இன்றுதான் என்றார். இன்னும் சற்று நேரத்தில் ஊரே வந்துவிடும், கமிட்டிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது, அடுத்த வருஷம் இந்த ஊருக்குள் விடுவார்களா என்று கேட்டார். ஒரு சாக்கு விழுந்ததற்காக இத்தனை வருஷத் தொழிலை நிறுத்துவதா என்றும் கேட்டார்.

அவள் சண்டை போடவில்லை. சுவிட்ச் பெட்டியைத் திறந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மேல ஏறிப் பாருங்க. எல்லாத்தையும் பாத்துட்டுச் சொல்லுங்க. அப்புறம் தாரேன்."

அவர் கோபத்தோடுதான் ஏணியில் ஏறினார். ஒவ்வொரு வளையமாகச் சுரண்டிப் பார்த்தார். பெயின்ட் செதில் செதிலாகக் கீழே விழுந்தது. சீக்கிரம் முடித்துவிட்டு இறங்கிவிடுவார்போல இருந்தது. பிறகு ஓரிடத்தில் அவர் கை நின்றது. வெகு நேரம் அங்கேயே நின்றார்.

ஒரு சங்கிலியை அதன் வளையத்தோடு கழற்றிக்கொண்டு இறங்கினார். ஏணியின் கடைசிப் படி அவர் காலுக்குத் தட்டுப்படவில்லை. தடுமாறி ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். விரல் தடிமன் இருக்க வேண்டிய வளையம், ஒரு பக்கம் தேய்ந்து தேய்ந்து குச்சியாகியிருந்தது. பெயின்ட்தான் அதுவரை அதை முழு வளையமாகக் காட்டிக்கொண்டிருந்தது.

நேற்று அதில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது. முதல் ஆட்கள் மைதானத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

ஐயம்பெருமாள் டீச்சரிடம் திரும்பினார்.  

"உங்களுக்கு எப்படித் தெரியும், டீச்சர்?"

நிஷா டீச்சர் அந்த வளையத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. 

"எனக்குத் தெரியாது" என்றாள். "அக்கா கணக்குக் கேட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன்."