ரெண்டு மணி பஸ்

எங்கள் மடம் மலையடிவாரத்தில் இருக்கிறது. டவுனிலிருந்து வரும் பஸ்ஸுக்கு அதுதான் கடைசி ஸ்டாப். அதற்கு அப்பால் போகிறவர்கள் கரடியோடு பேசிப் பழகிக்கொள்ள வேண்டும்.

எங்கள் குரு உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர் ஆவுடையப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. சீடர் குருவை ‘அம்மா’ என்பார், குரு சீடரை ‘ஐயா’ என்பார். இதில் மடத்தில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

ஆவுடையப்பன் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். வாழ்நாள் முழுக்க அடுத்த பஸ் எப்போது என்று சொல்லியே காலம் தள்ளிய மனுஷன். மடத்துக்கு வந்தும் அந்தப் புத்தி போகவில்லை. காலையில் இட்லியை வாயில் வைத்துக்கொண்டே, “மத்தியானம் என்ன குழம்பு?” என்பார். மத்தியானம் குழம்பை ஊற்றினால், “ராத்திரிக்கு உப்புமாதானா?” என்பார். தியானத்தில் உட்கார்ந்தால் பாதியில் ஒரு கண் மட்டும் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்க்கும். மற்ற கண் தியானத்தில் இருக்கும்.

குருபூஜைக்கு முந்தின நாள் அவர் குருவின் முன்னால் வந்து நின்றார்.

“அம்மா, நாளைக்கு என் மக சங்கரி வர்றா.”

“நல்லதுய்யா.”

“மறுநாள் ராத்திரி மஸ்கட்டுக்குப் பறந்துருவா. மாப்பிள்ளை அங்கதான். இனி எந்த வருஷம் பார்ப்பேனோ தெரியாது.”

குரு அவரை உட்காரச் சொன்னார்.

“அவ பொறந்தப்போ நான் ஸ்டாண்டுல இருந்தேன். பள்ளிக்கூடத்துல டான்ஸ் ஆடினப்போ ஸ்டாண்டுல இருந்தேன். கல்யாணத்துல பக்கத்துலதான் நின்னேன். ஆனா முகூர்த்தம் தப்பிரக் கூடாதேன்னு வாட்சையே பார்த்துட்டு நின்னேன். தாலி ஏறினதை போட்டோவுலதாம்மா பார்த்தேன். அவங்க அம்மாவும் போய்ச் சேர்ந்துட்டா. நாளைக்கு ஒரு நாளாச்சும் நான் என் பிள்ளையோட இருக்கணும். இந்த நிமிஷத்துல வாழுறது எப்படின்னு சொல்லிக் குடுங்க. கொஞ்சம் சீக்கிரமா.”

“நாளைக்குப் பந்தியில மக பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடுங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

“சாப்பிட்டு முடிச்சதும் என்ன செய்யணும்?”

குரு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

மறுநாள் பஸ் வந்தது. சங்கரி படியிலிருந்து குதித்து, “அப்பா!” என்று ஓடி வந்தாள். நல்ல சிரித்த முகம்.

“ரெண்டு மணி பஸ்ஸுல திரும்பிரலாம்” என்றார் அப்பா. “அதை விட்டா சாயங்காலம்தான்.”

“இப்பதானப்பா இறங்கறேன்!”

“அதான் சொல்றேன். அசந்துறக் கூடாது.”

முதல் பந்தியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது. பரிமாற வண்ணமுத்து வந்தார். சோறு விழுந்ததும் ஆவுடையப்பன் அவரிடம், “ரசத்தை ரெடியா வைங்க” என்றார்.

“அண்ணாச்சி, இன்னும் சாம்பாரே ஊத்தல.”

சங்கரி அவியலை வாயில் வைத்தாள். கை அப்படியே நின்றது.

“அப்பா, இந்த அவியலைச் சாப்பிட்டுப் பாருங்களேன். அம்மா வைக்கிற மாதிரியே இருக்கு.”

“ம். பையை எங்க வெச்ச?”

“வாசல்ல இருக்கு. அம்மா இதுல ஒண்ணு போடுவாங்கல்ல, அதனாலதான் அந்தப் புளிப்பு...”

“ஜன்னல் சீட்டாப் பார்த்து உட்காரு. வெயில் இடது பக்கம் அடிக்கும்.”

அவள் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். ரசச் சோறு இறங்கியது. வெளியே ஏதோ ஹாரன் சத்தம். எங்கேயோ போன லாரிதான். ஆனால் டைம் கீப்பர் காதுக்கு அது போதாதா? வெடுக்கென்று தன் இலையை மூடினார். மூடின கை சும்மா இருந்ததா? பக்கத்தில் போய் மகளுடைய இலையையும் மூடிவிட்டது. பாதி அவியல் உள்ளேயே இருந்தது.

பந்தியில் எல்லாத் தலையும் திரும்பியது.

பாயச வாளியோடு வந்த வண்ணமுத்து அப்படியே நின்றுவிட்டார். “என்ன அண்ணாச்சி இது! பாயசம் வருதுல்லா? உங்க இலையை மூடினா மூடுங்க, பிள்ளை இலையையுமா மூடுவாக?”

மூடின இலையைத் திறக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. வாளி அடுத்த இலைக்குப் போய்விட்டது.

சங்கரி மூடின இலையைப் பார்த்தாள். சிரிக்கத்தான் பார்த்தாள், கண் நிறைந்துவிட்டது. “பரவால்லப்பா. வாங்க, பஸ்ஸுக்குப் போவோம்” என்றாள்.

அவளை ஜன்னல் ஓரமாக உட்காரவைத்து, பையை மேலே வைத்துவிட்டு, ஆவுடையப்பன் இறங்கி நடந்து வந்தார். ஆளை ஏற்றிவிட்டால் திரும்பி நடப்பது அவருக்குக் காலில் ஊறிய பழக்கம். அதற்குள் இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. குரு அங்கே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, டயத்துக்கு ஏத்தி விட்டுட்டேன்!”

“அவியல் எப்படி இருந்துச்சுய்யா?”

“அவியலா? இன்னைக்கு அவியல் போட்டாங்களா?”

சொன்ன பிறகுதான் அவர் சொன்னது அவர் காதில் விழுந்தது. முகம் சுருங்கிப்போனது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அறுபது வயசு மனுஷன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது. வண்ணமுத்து அண்ணன்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

“போச்சும்மா. பக்கத்துல உட்கார்ந்திருந்த பிள்ளையைத் தொலைச்சிட்டேன். என்னையெல்லாம் எதுல சேர்க்கிறது? இந்த நிமிஷத்துல வாழுறது எனக்கு எப்பம்மா வரும்?”

குரு பந்தியின் கோடியைக் காட்டினார். அங்கே காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் தலையைத் தூக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அது யாருய்யா?”

“அதா? சுடலைமணி. ரெண்டு மணி பஸ் டிரைவர்...”

ஆவுடையப்பனின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் கண்டக்டர், பையை மடியில் வைத்துக்கொண்டு சாம்பாருக்குக் காத்திருந்தார்.

“வருஷா வருஷம் குருபூஜை அன்னிக்கு இவங்க இங்க சாப்பிட்டுட்டுத்தான் வண்டியை எடுப்பாங்க” என்றார் குரு. “நீங்க இந்த வருஷம்தான வந்திருக்கீங்க.”

“எவ்வளவு நேரம் இருக்கும்மா?”

குரு திரும்பி, “வண்ணமுத்து! டிரைவர் இலைக்கு இன்னும் ரெண்டு கை சோறு போடு” என்றார்.

“அம்மா சொன்னா தட்ட முடியுமா?” என்று சுடலைமணி இலையில் இடம் ஒதுக்கினார்.

ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். பாதி தூரம் போனவர் திரும்பி ஓடி வந்தார். ஒரு துண்டு இலையில் அவியலை அள்ளச் சொல்லி வாங்கிக்கொண்டு மறுபடி ஓடினார்.

பஸ் ஜன்னல் எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது. இரண்டு தலைகளும் அந்த ஒரு இலை மேல் குனிந்திருந்தன. சங்கரி கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னாள். அவர் வாயில் வைத்த கையை எடுக்காமல் அவள் முகத்தையே பார்த்தார். திடீரென்று அவள் சிரித்த சிரிப்பு பந்தி வரைக்கும் கேட்டது.

சுடலைமணி சாப்பிட்டு, கை கழுவி, வெற்றிலை போட்டு, ஒருவழியாக வண்டியை எடுத்தார். ஆவுடையப்பன் இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். பஸ் புளியமரத்தைத் தாண்டியது. வளைவு திரும்பியது. ஆள் இறங்கவே இல்லை.

அடுத்த ஊரில் கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது, “எதுக்கு?” என்று கேட்டாராம்.

பொழுது சாயும் நேரத்தில் நடந்தே வந்து சேர்ந்தார். முழங்கால் வரைக்கும் புழுதி. செருப்பு ஒன்று அறுந்து கையில் இருந்தது. குரு வாசல் தெளித்துக்கொண்டிருந்தார்.

“பஸ்ஸை எத்தனை மணிக்குய்யா எடுத்தாங்க?”

ஆவுடையப்பன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“அவியல்ல மாங்காய் போட்டிருந்தாங்கம்மா” என்றார்.