டீச்சர் கழற்றிய கண்ணாடி

"டீச்சர், பொடியன் என்ரை பிழைப்பிலை மண்ணள்ளிப் போட்டான்."

கேதீஸ்வரன் இப்படித்தான் தொடங்கினார்.

டொரொண்டோவுக்கு வெளியே ஒரு பனித்தள அரங்கு. ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பகுதி முடிந்து இடைவேளை விட்டிருந்தார்கள்.

தொழில்முறைக் கழகம் ஒன்றுக்கு இளம் ஆட்டக்காரரைத் தேடிக் கொடுப்பது கேதீஸ்வரனின் வேலை. வயது ஐம்பதைத் தாண்டிய மனிசன். அவருக்கு அந்த வேலையைப் பழக்குகிற வதனாவுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. அவர் வாய்க்கு வாய் "டீச்சர்" என்பார். அவளோ அவரை "அண்ணை" என்பாள். கூத்துத்தான்.

போன வருசமும் அதற்கு முதல் வருசமும் அவர் கைகாட்டிய தடியன்கள் சோடை போனார்கள். இந்த முறையும் சறுக்கினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று கழகத் தலைவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆட்டம் முடிந்ததும் தலைவர் போனில் கூப்பிடுவார். இந்தப் பொடியன் சாருஜனை எடுப்பதா, விடுவதா? கேதீஸ்வரன் பதில் சொல்லவேண்டும்.

சாருஜன் தடுப்பாட்டக்காரன். வருகிறவனை உடம்பால் இடித்துத் தடுப்பது அவன் வேலை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு.

"என்ன செய்தவன்?" என்றாள் வதனா.

"முதல் பகுதியிலை வந்தவன் போனவனையெல்லாம் இடிச்சுத் தளத்தைச் சுத்தியிருக்கிற பலகையோடை ஒட்டினவன். நானும் விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருந்தனான். பிறகு இடி குறைஞ்சு குறைஞ்சு, இப்ப ஒண்டும் இல்லை. களைச்சுப் போனான் டீச்சர். இவனும் வெறும் உடம்புதான்."

தடுப்பாட்டக்காரனைப் பார்க்கப் போனால் இடிகளை எண்ணுவது இந்த வேலைக்காரர் எல்லாருக்கும் உள்ள பழக்கம். கேதீஸ்வரன் கண் வெட்டாமல் எண்ணுவார்.

வதனா கோப்பியில் ஒரு வாய் குடித்தாள். பிறகு கையை நீட்டி, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தன் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"எடி பிள்ளை, அது இல்லாட்டி எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது."

பதற்றத்தில் டீச்சர் போய்ப் பிள்ளை வந்துவிட்டது.

"தெரிய வேண்டாம். பாருங்கோ."

மூன்றாம் பகுதி தொடங்கியது.

அவர்கள் அடித்து விளையாடுகிற கறுப்பு ரப்பர் வட்டு கேதீஸ்வரன் கண்ணில் படவே இல்லை. சட்டை இலக்கம் தெரியவில்லை. சாருஜன் ஆர், மற்றவன் ஆர் என்று தெரியவில்லை. பிழைப்பே ஊசலாடுகிற நேரத்தில் இவளுக்கு விளையாட்டு என்று மனதுக்குள் திட்டினார்.

"என்ன தெரியுது?"

"சட்டை நிறம்."

"அது போதும்."

வேறு வழி இல்லாமல் நிறங்களைப் பார்த்தார். நீலம் சாருஜனின் அணி. வெள்ளை எதிரணி.

நீலத்தின் கோல் வலையைத் தேடி வந்த வெள்ளையெல்லாம் வலப்பக்கமாகவே வந்தது. இடப்பக்க மூலை வெறிச்சோடிக் கிடந்தது. அங்கே ஒரேயொரு நீலம்.

ஒரு வெள்ளை அந்தப் பக்கம் திரும்பியது. பாதியில் தயங்கியது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு நீலம் வெளியே போய், வேறு இரண்டு உள்ளே வந்தன. இந்த ஆட்டத்தில் ஆள் மாறுவது நிமிசத்துக்கு நிமிசம் நடக்கும். மாறியதுதான் தாமதம், வெள்ளை அந்த மூலைக்குள் சந்தைக்குப் போகிற மாதிரிப் போனது.

கேதீஸ்வரன் முதுகை நிமிர்த்தினார்.

திரும்பவும் ஆள் மாறியது. மூலை காலியானது.

"அண்ணை, இப்ப சாருஜன் உள்ளுக்கோ, வெளியிலையோ?"

"உள்ளுக்கு."

"கண்டனீங்களோ?"

"இல்லை." அவர் மூலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காணேல்லை டீச்சர். ஆனா உள்ளுக்குத்தான் நிக்கிறான்."

வதனா கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். போட்டுப் பார்த்தார். மூலையில் சாருஜன் மூச்சுக்கூட வாங்காமல் நின்றான்.

நீல அணி வென்றது. சனம் எழும்பி வாசலுக்குப் போகத் தொடங்கியபோது போன் அடித்தது.

"கடைசிப் பகுதியிலை எத்தனை இடி?" தலைவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்.

"ஒண்டும் இல்லை."

"அப்ப விட்டிடுவம்."

"எடுங்கோ."

"கேதீஸ், உம்மடை வேலை இதிலை தங்கியிருக்கு. ஒருத்தனையும் இடிக்காதவனை ஏன் எடுக்கச் சொல்லுறீர்?"

"இடிக்கிறதுக்கு ஒருத்தன் கிட்ட வந்தாத்தானே."

கேதீஸ்வரன் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார்.

"பேரை எழுத்தெழுத்தாச் சொல்லும், எழுதுறன்" என்றார் தலைவர்.

கேதீஸ்வரன் எழும்பி நின்று, வாசல்வரைக்கும் போன சனமெல்லாம் திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் சொன்னார்.